லைசென்ஸ் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்? புதுப்பிக்காமல் விட்டால் எவ்வளவு ஆகும்?



ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் என்று பல காரியங்களுக்காக நமது டிரஸ்ட் அலுவலகத்திற்கு வருகிறீர்கள். சமீப காலமாக அந்தப் பட்டியலில் ஓட்டுநர் உரிமமும் சேர்ந்திருக்கிறது. "லைசென்ஸ் முடிஞ்சு போச்சு, ரினிவல் பண்ண எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒருவரிடம் ஏஜென்ட் 1,500 கேட்டிருக்கிறார். இன்னொருவரிடம் 3,000. மற்றொருவர், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று ஆறு மாதமாக அப்படியே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

எனவே இந்த இதழில் அந்தச் செலவை ரூபாய்க் கணக்காக விளக்குகிறோம். அரசுக்குக் கட்ட வேண்டியது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு, புதுப்பிக்காமல் விட்டால் வரும் செலவு எவ்வளவு என்ற மூன்றையும் பார்ப்போம். கடைசியில் சொன்ன செலவுதான் பெரியது. அது பெரும்பாலும் லைசென்ஸ் வைத்திருந்தவர் தலையில் விழுவதில்லை, அவருடைய வீட்டார் தலையில் விழுகிறது.

முதலில் தேதியைப் பாருங்கள்

இதைப் படிக்கும்போதே உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். எடுத்த தேதியைத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். முடியும் தேதியைப் பார்ப்பதே இல்லை. ஸ்மார்ட் கார்டாக இருந்தால் இரண்டு தேதிகள் இருக்கலாம். என்.டி. என்று போட்டிருப்பது சொந்த உபயோக வண்டிக்கு. டி.ஆர். என்று போட்டிருப்பது வாடகை, சரக்கு வண்டிகளுக்கு. இரண்டும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்பதில்லை. ஒன்று செல்லுபடியாக இருக்கும்போதே மற்றொன்று முடிந்திருக்கலாம்.

பழைய சட்டப்படி, 50 வயதுக்கு உட்பட்டவருக்கு லைசென்ஸ் 20 வருடத்துக்கு, அல்லது அவருக்கு 50 வயது ஆகும் வரை, இதில் எது முந்தி வருகிறதோ அதுவரை கொடுத்தார்கள். 2006இல் 22 வயதில் எடுத்தவருக்கு 20 வருடம் 2026இல் முடிகிறது. 2011இல் 35 வயதில் எடுத்தவருக்கு 50 வயது நிறைவதும் அதே 2026இல்தான். இருபது வருடம் திரும்பிப் பார்க்காமல் இருந்த கார்டு என்பதால், முடிந்தது தெரியாமலே பலர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகு சொந்த உபயோக வண்டிகளுக்கான காலக்கணக்கு இப்படி:

30 வயது ஆகாதவர் எடுத்தாலோ புதுப்பித்தாலோ, 40 வயது ஆகும் வரை செல்லும்.
30 முதல் 50 வயதுக்குள் இருப்பவருக்கு 10 வருடம்.
50 முதல் 55 வயதுக்குள் இருப்பவருக்கு 60 வயது ஆகும் வரை.
55 வயதைக் கடந்தவருக்கு 5 வருடம்.

வாடகை, சரக்கு வண்டிகளுக்கான உரிமம் முன்பு 3 வருடமாக இருந்தது, இப்போது 5 வருடம். பெட்ரோல், கேஸ் போன்ற ஆபத்தான பொருட்களை ஏற்றும் வண்டிகளுக்கு 3 வருடம்.

பழைய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அதில் அச்சாகியிருக்கும் தேதி வரை அது செல்லும். அடுத்த முறை புதுப்பிக்கும்போதுதான் புதிய கணக்கு வரும்.

அரசுக்குக் கட்ட வேண்டியது

ஓட்டுநர் உரிமக் கட்டணங்கள் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 32ஆம் விதியின் கீழ் அட்டவணையாக இருக்கின்றன. 2016 டிசம்பர் இறுதியில் அவை திருத்தப்பட்டன. அதன்படி:

லைசென்ஸ் புதுப்பிக்க 200 ரூபாய்.
ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய்.
ஆக, 400 ரூபாய்.

முகவரியோ மற்ற விவரமோ மாற்ற வேண்டுமானால் அதற்கு 200 ரூபாய் தனி. இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது சேவைக் கட்டணமாகச் சிறு தொகை கூடியிருக்கலாம். திரையில் என்ன தொகை வருகிறதோ, ரசீதில் என்ன அச்சாகிறதோ, அதுதான் கணக்கு.

இந்த 400 ரூபாயை 10 வருடத்திற்குப் பங்கிட்டால் வருடத்துக்கு 40 ரூபாய். வாடகை வண்டி ஓட்டுபவருக்கு 5 வருடம் என்றால் வருடத்துக்கு 80 ரூபாய்.

40 வயதைக் கடந்தவர்களும், எந்த வயதானாலும் வாடகை, சரக்கு வண்டி ஓட்டுபவர்களும் மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். இதற்குப் படிவம் 1ஏ என்று பெயர். பதிவு பெற்ற மருத்துவர் நேரில் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும். மருத்துவர் வாங்கும் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். 40 வயதுக்கு உட்பட்டு, சொந்த வண்டி மட்டும் ஓட்டுபவருக்கு இந்தச் சான்று தேவையில்லை. தன் உடல்நிலை பற்றி அவரே உறுதிமொழி கொடுக்கும் படிவம் 1 போதும்.

படிவம் 1ஏ விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பரிசோதனை இல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வருவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. நாற்பது வயதுக்கு மேல்தான் கண் பார்வை மெல்ல மாறுகிறது. நமது மஹல்லாவில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. சர்க்கரை கண்ணைப் பாதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரவில் எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் பாதை தெரியாமல் தடுமாறுபவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும் சாக்கில் கண்ணை உண்மையாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருவது உங்கள் மனைவியும் பேரப்பிள்ளையும்தான்.

ஏஜென்ட் கேட்கும் பணம்

400 ரூபாய் வேலைக்கு 2,000, 3,000 எப்படி ஆகிறது? ஏஜென்ட் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் தெரியாதவருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறார். நாள் பார்த்துச் சொல்கிறார். அந்த உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். ஆனால் கூலி எவ்வளவு, அரசுக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் மொத்தமாக ஒரு தொகையைக் கேட்கும் இடத்தில்தான் நாம் ஏமாறுகிறோம்.

"ஆபீஸ்ல கொடுக்க வேண்டியிருக்கு" என்று ஒரு வார்த்தையும் அதில் சேரும். காலம் தாண்டாமல் புதுப்பிப்பவருக்கு ஓட்டிக் காட்டும் தேர்வு கிடையாது. தேர்வே இல்லாத வேலைக்கு யாருக்கு எதைக் கொடுப்பது? கொடுப்பதும் வாங்குவதும் ஒரே பாவம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதை "செலவு" என்று பெயர் மாற்றிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை.

யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரசீதில் எவ்வளவு வரும்?" விண்ணப்பத்தில் உங்கள் சொந்த செல்போன் எண்ணையே போடச் சொல்லுங்கள். ஏஜென்ட்டின் எண்ணைப் போட்டுவிட்டால், ஓடிபி முதல் எல்லாத் தகவலும் அவருக்குத்தான் போகும். அடுத்த முறையும் அவரைத் தேடித்தான் போக வேண்டியிருக்கும்.

தேதி தாண்டினால் கூடும் செலவு

"முடிஞ்ச பிறகும் ஒரு மாசம் டைம் இருக்கு" என்று பலர் நம்புகிறார்கள். முன்பு அப்படி ஒரு சலுகை சட்டத்திலேயே இருந்தது. லைசென்ஸ் முடிந்தாலும் 30 நாள் வரை அது செல்லும். 2019 திருத்தத்தில் அந்தச் சலுகையை நீக்கிவிட்டார்கள். இப்போது கார்டில் இருக்கும் தேதி முடிந்த மறுநாளே நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர்.

தேதி முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தாலும் ஓட்டிக் காட்டாமல் புதுப்பித்துக்கொள்ளலாம். அந்த ஒரு வருடமும் தாண்டிவிட்டால், புதிதாக லைசென்ஸ் எடுப்பவரைப் போல மறுபடி தேர்வில் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். பழைய சட்டத்தில் இதற்கு 5 வருட அவகாசம் இருந்தது. அந்த நினைப்பிலேயே இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் ஒரு வகை வண்டிக்கு 300 ரூபாய். பைக்குக்கும் காருக்கும் சேர்த்து 600.

தாமதத்திற்கான கட்டணமும் அந்த அட்டவணையில் இருக்கிறது. அவகாசம் கடந்த விண்ணப்பத்திற்கு 200க்குப் பதில் 300 என்றும், தாமதமாகும் ஒவ்வொரு வருடத்திற்கும் கூடுதலாக 1,000 என்றும் போட்டிருக்கிறது. வருடத்தில் ஒரு பகுதி ஆனாலும் முழு வருடமாகவே கணக்கு. உங்கள் விண்ணப்பத்துக்கு எவ்வளவு என்பதைத் திரையில் வரும் தொகை காட்டிவிடும். எப்படிப் பார்த்தாலும் 400இல் முடிந்திருக்க வேண்டிய வேலை ஆயிரங்களுக்குப் போய்விடும்.

இடையில் போலீஸ் சோதனையில் மாட்டினால் அது தனி. தமிழகத்தில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அபராத விகிதப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய். கடைக்குப் போய்வர மைத்துனரிடம் ஸ்கூட்டரைக் கொடுக்கிறோம். அவருடைய லைசென்ஸ் தேதியை என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

பெரிய செலவு இங்கேதான்

அபராதத்தோடு முடிந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லலாம். விபத்து நடந்தால்தான் காலாவதியான கார்டின் உண்மையான விலை தெரியும்.

நமது வண்டி இன்சூரன்ஸில் "உரிமையாளர் ஓட்டுநர் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு" என்று ஒரு வரி இருக்கும். பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். இதற்கென்று தனியாகச் சில நூறு ரூபாய் பிரீமியம் பிடித்திருப்பார்கள். வண்டியின் உரிமையாளரே ஓட்டிச் சென்று விபத்தில் இறந்துவிட்டால் அவருடைய குடும்பத்திற்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. 2018இல் இந்தத் தொகை 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விபத்து நடந்த நேரத்தில் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

சில காலத்துக்கு முன் நமது ஊரில் ஒரு சகோதரர் அதிகாலையில் வியாபாரத்திற்குப் பைக்கில் போகும்போது விபத்தில் மௌத்தானார். இத்தா முடிந்த பிறகு, அவருடைய மனைவியின் சகோதரர் ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்லாக் காகிதங்களையும் போட்டு எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். இன்சூரன்ஸ் சரியாக இருந்தது. தனிநபர் பாதுகாப்பு எடுத்திருந்தார், பிரீமியம் ஒரு வருடம்கூட விடவில்லை. வண்டி அவர் பெயரில்தான் இருந்தது. எப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் இருந்தன. லைசென்ஸை எடுத்துப் பார்த்தோம். விபத்துக்கு ஐந்து மாதம் முன்பே அது முடிந்திருந்தது. அந்த ஒரு காரணத்தைச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. வக்கீலிடம் கேட்டோம். கடிதமும் எழுதிப் பார்த்தோம். பலன் இல்லை.

வருடா வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியவர், தன் குடும்பத்தைப் பற்றி அக்கறை இல்லாதவர் அல்ல. அவருக்கு இந்த இரண்டும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை என்று தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. பிளஸ் டூ படிக்கும் மகளின் படிப்புக்கு இன்றைக்கு நமது டிரஸ்ட்டும் உறவினர்களும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கிறோம். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு அந்தக் குடும்பம்தான் காரணம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் வண்டி மோதி வேறொருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால், இழப்பீட்டை நமது இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும். ஆனால் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதித்து வந்திருக்கின்றன. 2004இல் உச்ச நீதிமன்றம் ஸ்வரன் சிங் வழக்கில் இதை விரிவாக விளக்கியது. உயிரிழப்புக்கான இழப்பீடு பல லட்சம் ரூபாய் வரும். வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டும் என்ற நிலை ஒரு காலாவதியான கார்டால் வரலாம்.

"பிறகு புதுப்பிச்சுட்டோமே, அது பழைய தேதியிலிருந்து செல்லாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். தேதி முடிந்த பிறகு விண்ணப்பித்தால், புதுப்பித்த நாளிலிருந்துதான் அது செல்லும். இடையில் விட்ட நாட்கள் விட்டவைதான். அந்த நாட்களில் நடந்த விபத்தை அது காப்பாற்றாது.

ஆட்டோ, வேன், குட்டியானை ஓட்டுபவர்களுக்கு

நமது மஹல்லாவில் வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு லைசென்ஸ் முடிந்தால் வருமானமே நின்றுவிடும். ஒரு நாள் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போனால் அன்றைய ஓட்டம் போய்விடுகிறது என்பதால்தான் பலர் தள்ளிப் போடுகிறார்கள். அந்த வருத்தம் நமக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நாள் ஓட்டத்தை மிச்சம் பிடிக்கப் போய், சோதனையில் 5,000 கட்டினால் எத்தனை நாள் ஓட்டம் அதில் போகும் என்று கணக்குப் பாருங்கள்.

இவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், அதே லைசென்ஸில் அந்த ரக வாடகை, சரக்கு வண்டிகளையும் ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6ஆம் தேதி தீர்ப்பளித்தது. "இவரிடம் வாடகை வண்டி அனுமதி இல்லை" என்று காரணம் காட்டி இன்சூரன்ஸை மறுப்பதற்கு இதனால் வழி குறைந்திருக்கிறது. ஆனாலும் அந்த இலகு ரக லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஆபத்தான பொருட்களை ஏற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு

இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவர்கள் பயணத்துக்கு முன் பாஸ்போர்ட் தேதியைப் பார்க்கிறார்கள். லைசென்ஸ் தேதியைப் பார்ப்பதில்லை. போன மூன்றாம் மாதம் லைசென்ஸ் முடிந்தால், இரண்டு வருடம் கழித்துத் திரும்பும்போது அந்த ஒரு வருட அவகாசமும் தாண்டியிருக்கும். மூன்று வாரம் லீவில் வந்தவர் மறுபடி தேர்வுக்கு நாள் வாங்கி ஓட்டிக் காட்ட வேண்டும். தேதி முடிய ஒரு வருடத்துக்குள் இருந்தால், புறப்படும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். 400 ரூபாயோடு போய்விடும்.

சவூதியிலோ துபாயிலோ எடுத்த லைசென்ஸ், காலாவதியான நமது லைசென்ஸை உயிர்ப்பிக்காது. லீவில் வந்ததும் ஏர்போர்ட்டிலிருந்து தம்பியின் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வரும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. சாவியை வாங்கும் முன் கார்டைப் பாருங்கள். ஊரில் இருக்கும் பெண்களும் கணவர், மகன் ஆகியோரின் லைசென்ஸ் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்தால் நல்லது.

பெயரும் முகவரியும்

நமது மக்களின் விண்ணப்பம் பெரும்பாலும் தடைப்படுவது பெயரில்தான். "முகமது" என்ற ஒரே பெயர், ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டலிலும், லைசென்ஸில் இன்னொரு எழுத்துக்கூட்டலிலும், பாஸ்போர்ட்டில் வேறொன்றிலும் இருக்கிறது. சிலருக்கு ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கிறது, லைசென்ஸில் இனிஷியல் மட்டும். ஆதார் மூலம் இணையத்தில் அடையாளத்தை உறுதி செய்யும்போது இந்த வித்தியாசம் தடையாகும். அப்படி இருந்தால், எது உங்கள் சரியான பெயர் என்று முடிவு செய்து, முதலில் அதைச் சீர் செய்துகொள்ளுங்கள். இது லைசென்ஸுக்கு மட்டுமல்ல, இன்சூரன்ஸ் தொகை, வாரிசுச் சான்று என்று எல்லாவற்றுக்கும் உதவும்.

முகவரியும் முக்கியம். தமிழகத்தில் 2024 முதல் லைசென்ஸ் கார்டு விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது. வாடகை வீடு மாறியவர்களும், தாய்வீட்டு முகவரியில் லைசென்ஸ் எடுத்துவிட்டுத் திருமணமாகி வந்த சகோதரிகளும், பழைய முகவரியிலேயே விட்டால் கார்டு திரும்பிப் போய்விடும். புதுப்பிக்கும்போதே முகவரியையும் மாற்றிவிடுங்கள். இதற்காக லைசென்ஸ் எடுத்த ஊருக்குப் போக வேண்டியதில்லை. இப்போது வசிக்கும் ஊரின் ஆர்டிஓ அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

ஆனால் கையால் எழுதிய பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறாமல் இருக்கக்கூடும். இணையதளத்தில் எண்ணைப் போட்டால் விவரம் வரவில்லையென்றால், லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் அதைப் பதிவேற்றித் தரக் கேட்க வேண்டும். நாள் பிடிக்கும் வேலை இது. தேதி நெருங்கும் முன்பே தொடங்குங்கள்.

விண்ணப்பிக்கும் முறை

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி என்ற பகுதிக்குச் சென்று, தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் சேவைகளில் புதுப்பித்தலை எடுக்க வேண்டும். லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் உங்கள் விவரம் வரும். சரிபார்த்து, படிவம் 1 அல்லது 1ஏ, ஆதார், பழைய லைசென்ஸ் ஆகியவற்றைப் பதிவேற்றி, கட்டணம் செலுத்தி, ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு வரச் சொன்னால் நாளும் நேரமும் முன்பதிவு செய்து, அசல்களோடு போக வேண்டும். தேர்வு தேவைப்படாத புதுப்பித்தலை ஆதார் மூலம் இணையத்திலேயே முடிக்கலாம் என்று 2021 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த சேவைகளில் இதுவும் இருக்கிறது. அந்த வழி உங்கள் திரையில் வந்தால் அதையே எடுங்கள்.

போலி இணையதளங்கள் இருக்கின்றன. அரசின் இணைய முகவரி "ஜிஓவி டாட் இன்" என்றுதான் முடியும். வாட்ஸ்அப்பில் "உங்கள் லைசென்ஸ் ரத்தாகப் போகிறது", "சலான் பாக்கி" என்று வரும் ஃபைல்களைத் திறக்க வேண்டாம். வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி அது.

புதுப்பித்த பிறகு டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் லைசென்ஸை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். சோதனையின்போது அதைக் காட்டினால் அசலைக் காட்டியதற்குச் சமம். போட்டோ எடுத்து வைத்திருக்கும் படம் அப்படி ஆகாது.

டிரஸ்டின் உதவி

இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை தோறும் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை நமது அலுவலகத்தில் இதற்கென்று ஒரு மேசை இருக்கும். கல்லூரியில் படிக்கும் நமது பிள்ளைகள் இருவர் விண்ணப்பம் நிரப்பித் தருவார்கள். கூலி கிடையாது. அரசுக் கட்டணத்தை உங்கள் போனிலிருந்தோ கார்டிலிருந்தோ நீங்களே செலுத்த வேண்டும். ரசீது உங்கள் கைக்கு வரும். லைசென்ஸ், ஆதார், ஆதாரோடு இணைத்த செல்போன் ஆகிய மூன்றையும் கொண்டு வாருங்கள். வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்து வந்தால், தனிநபர் பாதுகாப்பு இருக்கிறதா, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்கிறோம். மௌத்தான வாப்பாவின் பெயரிலேயே இன்னும் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அவசியம் வர வேண்டும். அந்த 15 லட்சம் வண்டி உரிமையாளருக்கு உரியது. ஓட்டுபவர் பெயரில் வண்டி இல்லையென்றால் அது கிடைக்காது.

கட்டணம் கட்ட முடியாத நிலையில் இருக்கும் ஓட்டுநர் சகோதரர்கள் தயங்காமல் செயலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். பொது நிதியிலிருந்து கொடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பெயர் வெளியே வராது.

வசதி உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கடையிலும் குடோனிலும் வண்டி ஓட்டும் பையன்களின் லைசென்ஸ் தேதியை இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். முடிந்திருந்தால் அரை நாள் லீவும் 400 ரூபாயும் கொடுத்து அனுப்புங்கள். வண்டி உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது.

வஸ்ஸலாம்.

செயலாளர்